உறையாத ரத்தம்

பிப்ரவரி 3: சிவப்பணு 14 லட்சம்.
பிப்ரவரி 10: 12 லட்சம்.
பிப்ரவரி 17: 15 லட்சம்.
பிப்ரவரி 24: 36 லட்சம்.

நான்கும் ஒரே ஆளின் ரத்தம். சாதாரணமாக ஒரு ஆணுக்கு ஐம்பது லட்சம் இருக்கும். முதல் மூன்றும் நிஜமென்றால் அவர் நடந்து வந்திருக்கவே முடியாது. அதனால் பரிசோதனைக்கூடத்து மருத்துவர் மூன்று தடவையும் "ரத்தம் உறைந்துவிட்டது, மறுபடி எடுக்கவும்" என்று எழுதினார். மூன்றாம் தடவை, ரத்தம் எடுத்தவருக்கு, சரியாக எடுக்கவில்லை என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் சேர்ந்து வந்தது.

ரத்தம் எடுக்கும் அவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். வயது ஐம்பத்தாறு. இருபத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு எண்பது கை. மதியத்துக்குள் கணுக்கால் வீங்கிவிடும். வீட்டில் மகள் பேசப் பேச "உம்" கொட்டிக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப்போவார். குறிப்பாணையைப் படித்தபோது கோபம்கூட வரவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரத்தத்துக்குச் சொந்தக்காரர் குளிர்பதனக் கிடங்கில் சரக்குக் கணக்கர். கிடங்குக்குள் போனால் விரல் நுனியும் காது மடலும் நீலம் பாய்கிறது. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடுகிறது. இடது தோள் வலிக்கிறது. ஒரு மருத்துவர் கையுறை போடச் சொன்னார், இன்னொருவர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார், தோளுக்குத் தைலத்தை அவராகவே தடவிக்கொண்டார். தட்டில் மிச்சம் விழுவதைப் பார்த்த மனைவி, வெளியே எங்கோ சாப்பாடு நடக்கிறது என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இதைச் சொல்லிச் சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

நாலாம் தடவை கையை நீட்டியவர், "அக்கா, இதோட சரி. குத்திக் குத்திக் கை சல்லடையாப் போச்சு. இனிமே வர மாட்டேன்" என்றார்.

ஊசியக்கா ரத்தம் எடுத்து முடித்தார். அன்று ரத்தம் நிரப்பிய குழாய்களை மேலே பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர் விடுப்பு. யாரையும் நம்பாமல் அந்த ஒரு குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, மூன்று மாடி ஏறி, தானே இயந்திரத்தில் வைத்தார். 36 லட்சம். கால் கெஞ்சியதால் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தால், ரத்தம் மணல் மணலாகத் திரிந்திருந்தது. மறுபடி பொத்தினார். கொஞ்ச நேரத்தில் மணல் கரைந்துபோனது.

பரிசோதனைக்கூடத்து மருத்துவர் முன்னால் அதையே இன்னொரு தரம் செய்து காட்டினார்.

"உறைஞ்ச ரத்தம் சூட்டுக்குக் கரையுமா, சார்?"

மருத்துவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கரையாது" என்றார். பிறகு, "அந்த ஆள் போயிட்டாரா?" என்று கேட்டார்.

பஸ் நிறுத்தத்தில் இருந்தவரைப் போனில் திரும்ப அழைத்தார்கள். இடது விலாவுக்குக் கீழே மருத்துவர் அமுக்கினார். மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது. வயிற்றை நெருக்கியது, தோளில் வலித்தது எல்லாம் அதுதான். அதில் குவிந்திருக்கிற ஏதோ கெட்ட அணுக்கள் சுரக்கும் பொருள்தான் குளிரில் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது, ஏ.சி.யில் காத்திருந்த குழாய்களில் இயந்திரம் குறைத்து எண்ணியதும் கிடங்கில் விரல் நீலம் பாய்ந்ததும் அதனால்தான் என்று சந்தேகப்பட்டார். எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு செவ்வாய்தோறும் கணக்கர் போன் செய்வார். முடிவு இன்னும் வரவில்லை என்று ஊசியக்கா சொல்வார்.  குறிப்பாணையை யாரும் திரும்ப வாங்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மண்ணீரலில் தொடங்கும் அரிய வகை ரத்தப் புற்று, மெதுவாக வளர்வது, சிகிச்சையை உடனே தொடங்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரி எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது ஏப்ரல் 9, வியாழக்கிழமை.