பொன்முடியில் ஆற்றிய பீர்

எங்கள் பையனுக்கு ஏழு மாதம் ஆனபோது, ஒரு டிசம்பரில் பொன்முடிக்குப் போனோம். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்கள் வலியசாலை வீட்டில் மின்விசிறி இல்லாமல் தூங்கியறியாத எங்களுக்கு மலைக்குளிர் தாங்கவில்லை. மாமியார் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காப்பி கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. விடுதியில் டீ மட்டும்தான். மாமியார் டீயைப் பானமாகவே மதிப்பதில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு கோபமாகப் படுத்துவிட்டார்.

வராந்தாவில் நானும் கணவரும் பார்த்துக்கொண்டிருக்க, நாத்தனார் தன் பையிலிருந்து ஒரு கறுப்பு பாட்டிலை எடுத்தாள். அதன்மேல் காப்பிக்கொட்டைப் படம்.

"பீர்தான் மன்னி. ஆனா காப்பி போட்டதாக்கும். குளிருக்கு ஒரு வாய்."

நானோ பால் கொடுக்கிறவள். மாம்பழம் தின்னலாமா என்றுகூட டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டவள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வாசனை வந்துவிட்டது, அசல் டிகாஷன் வாசனை. இப்போதுதான் பால் கொடுத்தேன், அடுத்த வேளைக்கு நேரமிருக்கிறது, ஒரே ஒரு வாய் என்று எனக்குள்ளேயே வாதாடி ஜெயித்தேன்.

கண்ணாடி டம்ளர் இல்லை. எங்கள் டவரா டம்ளரில்தான் ஊற்றினாள். மேலே பழுப்பு நுரையைக் கண்டதும் என் கை என்னைக் கேட்கவில்லை. டவராவில் கவிழ்த்து, ஒரு முழம் தூக்கி, ஆற்றத் தொடங்கிவிட்டது. நுரை பொங்கி முழங்கை வரை வழிந்தது. பதறிப்போய், மிச்சத்தை அண்ணாந்து உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டேன். எச்சில் பண்ணாமல் குடித்துப் பழகிய வாய். பாதி மூக்கில் ஏறியது, பாதி ஸ்வெட்டரில். தொண்டைக்குள் போன கொஞ்சம் முதலில் கசந்தது, பிறகு கருகல் அடித்தது, கடைசியில் ஆறிப்போன காப்பியாக நின்றது. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்து அழுதான். மாமியார் தூக்கிக்கொண்டு வந்தார். பசிக்கிறது, எடுத்துக்கொள் என்றார். என் சிரிப்பு அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கிறேன் என்று இழுத்தேன். அழுதுகொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்துத் திடீரென்று கெக்கெக்கென்று சிரித்தான். விடாமல் சிரித்தான்.

கணவரின் கையைப் பிடித்தேன். "ஏன்னா, குழந்தைக்கு ஏறிடுத்து."

"நீ இன்னும் பாலே குடுக்கலையேடி. மூக்கைத் துடை. நுரை இருக்கு."

மாமியார் என் ஸ்வெட்டரை மோந்தார். எனக்கில்லாத காப்பி உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது என்றார். நாத்தனார் பாட்டிலை நீட்டினாள். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அடுத்து என் மூக்கிலிருந்த நுரையை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கொட்டையைக் கருக வறுத்துட்டான்" என்றார். "உள்ளே எத்தனை போச்சு?"

ஒரு வாய்கூட இருக்காது என்றேன்.

"மிச்சமெல்லாம் ஸ்வெட்டர்தான் குடிச்சிருக்கு. அதைக் கழட்டிப் போட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுக் குடு. அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

இருந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. அவர் சொன்னதைவிட அதிக நேரமே பொறுத்தேன். குழந்தை அதற்குள் விடுதியையே அழுகையால் கூட்டிவிட்டான். கடைசியில் பால் கொடுத்தபோது எப்போதும்போல் ஒரு கையால் என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு குடித்தான். குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டினேன். கண்களைப் பார்த்தேன். மூச்சை மோந்து பார்த்தேன். பால் வாசனைதான்.

"சந்தேகமா இருந்தா ஊதச் சொல்லுங்கோ மன்னி, போலீஸ் மாதிரி" என்றாள் நாத்தனார்.

அவன் உதட்டைக் குவித்து, புர்ரென்று என் முகமெல்லாம் எச்சில் தெறிக்க ஊதினான்.