பன்னிரண்டாவது விசா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துபாய் கராமாவில் வழக்கமாகப் போகும் ஓட்டலில் ரவா தோசை சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். சேவியர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். முதலில் மேஜையைப் பிடித்தார். பிறகு வலது காலை நடைபாதைப் பக்கம் நீட்டினார். அப்புறம்தான் உட்கார்ந்தார். சப்ளையர் அந்தக் காலைத் தாண்டித் தாண்டியே எல்லோருக்கும் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான்.

சேவியர் எங்கள் கம்பெனி வாலிபால் அணியின் செட்டர். உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். வாலிபாலில் கைதட்டல் முழுவதும் எகிறி அடிக்கிறவனுக்குத்தான் போகும். ஆனால் அவன் அடிப்பதற்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் செட்டர். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு உயரத்தில் கொடுப்பது... எல்லாம் அவர் முடிவு. மொத்த ஆட்டமும் அவர் விரல் வழியாகத்தான் நடக்கும்.

இங்கே சில கம்பெனிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. விளையாட்டுக்காரர்களை வேலைக்காரர்கள் என்ற பெயரில் கூட்டி வருவார்கள். சேவியரின் விசாவில் ஸ்டோர் கீப்பர் என்று இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேலாக அவர் அந்த ஸ்டோருக்குள் போனதெல்லாம் ஏசிக் காற்று வாங்கத்தான். மதியம் வரை பேருக்கு டியூட்டி, அப்புறம் கிரவுண்ட். அணிக்கென்று கம்பெனி ஒதுக்கியிருப்பது பன்னிரண்டு விசா. அணியில் பேர் இருக்கிற வரை விசா. பேர் போனால்? கலாஸ். முடிந்தது.

போன சீசனில் சேவியரின் முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆனது. சீசன் முழுக்க பெஞ்ச்தான். இப்போது கோழிக்கோட்டில் புதிதாக ஒரு செட்டரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவன் வர ஒரு விசா வேண்டும். பதின்மூன்றாவது விசா என்று ஒன்று கிடையாது.

"அண்ணே, சாயந்திரம் குசைஸ் கேம்ப் கிரவுண்டுல ஒரு மேட்ச் இருக்கு. நம்ம பயலுவளே ரெண்டா பிரிஞ்சு ஆடுதானுவ. மேனேஜர் பாக்க வாராரு. நீங்களும் வரணும்."

"நான் வந்து என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். பக்கத்துல நில்லுங்க. ஆட்டம் முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க பேப்பர்ல எழுதுத ஆளு, சொன்னா கேப்பாரு."

"முட்டி எப்படி இருக்கு?"

"நிக்கதுக்கு ஒண்ணும் இல்லண்ணே."

நான் கேட்டது ஆடுவதைப் பற்றி. அவர் சொன்னது நிற்பதைப் பற்றி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தோசை வந்துவிட்டது.

"ஊருக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அதான் தெரியல. மூத்தவ பன்னெண்டாப்பு படிக்கா. கடலுக்குப் போவலாம்னா வள்ளத்துல நிக்கதுக்கு முட்டி வேணும்லா. ஸ்டோர் கீப்பர்னு போய் நின்னா, எவனாவது ஸ்டோர் வேலையைப் பத்தி ஒரு கேள்வி கேட்டுருவான்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் வேலை பார்ப்பது டிரான்ஸ்போர்ட் பிரிவில். ஓடாத பஸ்ஸைக்கூட ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஆகும் என்று யார்டில் நிறுத்தி வைக்கிறோம். எத்தனையோ கோப்பைகளை வாங்கிக் கொடுத்த மனிதருக்கு பெஞ்சில் ஓர் இடம் கிடையாதா? மாலையில் மேனேஜரைக் கிழித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

மேனேஜர் துரைசாமி பொள்ளாச்சிக்காரர். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். கல்லூரியில் வாலிபால் ஆடியவர். மைதானத்தில் தண்ணீர் தெளித்துப் புதிதாகக் கோடு போட்டிருந்தார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. என்ன ஆட்டம் தெரியுமா...

சேவியர் பிரமாதப்படுத்தினார். வந்த பந்தையெல்லாம் பூவைப் போல வாங்கி, பூவைப் போலக் கொடுத்தார். ஷாஜி என்று ஒரு திருச்சூர்ப் பையன், எகிறி எகிறி அடித்தான். ஒரு பஞ்சாபிப் பையன் இன்னொரு முனையிலிருந்து அடித்தான். ஒவ்வொரு பாயிண்டுக்கும் "படே பாய், படே பாய்" என்று இந்தியில் அண்ணன் முறை சொல்லி எல்லோரும் சேவியரைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு பந்துகூடக் கை தவறவில்லை. சேவியர் அணி இரண்டு செட்டிலும் ஜெயித்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

"பாத்தீங்களா சார்?" என்றேன், வெற்றி பெற்ற வக்கீலின் குரலில். "இவரையா வேண்டாங்கறீங்க?"

துரைசாமி எழுந்து மைதானத்துக்குள் நடந்தார். நானும் போனேன். நெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே காட்டினார்.

"மண்ணைப் பாருங்க."

பார்த்தேன். ஈர மண் எங்கும் உழுத வயலாகக் கிடந்தது. பையன்கள் விழுந்து புரண்ட இடம், சறுக்கிய இடம், குதித்த இடம். சேவியர் நின்ற இடத்தில் மட்டும் இரண்டு பாதக் குழி. சர்வீஸ் கோட்டிலிருந்து அந்தக் குழிக்கு நடந்து வந்த தடம். வேறொன்றும் இல்லை.

"ரெண்டு செட்டுங்க. ஒரு பந்துக்குக்கூட அவர் ஓடலைங்க. ஓட விடலைங்க பசங்க. அத்தனை பந்தையும் உசுரைக் குடுத்து எடுத்து அவர் கையிலயே கொண்டு போய் வெச்சாங்க. எதிர்ல ஆடுனவனுங்களும் கூட்டுங்க. சர்வீஸ் போட்டுட்டு அவரு நெட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் பந்தை மேல மேல தூக்கிட்டே நின்னாங்களே, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது.

கூடிப் பேசி வைத்துக்கொண்டு காப்பாற்ற வந்திருக்கிறார்கள். காப்பாற்றுகிற வேகத்தில், அவருக்கு என்ன முடியாது என்பதைத்தான் இரண்டு செட்டும் ஆடிக் காட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் கோணலாகப் போட்டிருந்தால், இரண்டு பந்தை அவர் தவறவிட்டிருந்தால், ஒருவேளை சந்தேகத்தின் பலனாவது கிடைத்திருக்கும்.

"பெஞ்சில் இருக்கட்டுமே" என்றேன். குரலில் வக்கீல் இல்லை.

"பதிமூணு இருந்தா நான் கேக்கவே மாட்டனுங்க. என்ற கையில இருக்கறது பன்னெண்டு."

"அப்ப நிஜமாவே ஸ்டோர்ல போடுங்க. விசாவுல அதானே இருக்கு?"

"போன வாரமே கேட்டுட்டனுங்க. அங்க இருக்கறவங்களையே கொறைக்கறாங்க."

கிழிப்பதற்கு எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. இந்தக் கேள்வியை உங்களிடமே கேட்கிறேன். ஆட முடியாத ஆட்டக்காரருக்கு அணியில் இடம் உண்டா? ஆட்டத்தின் கணக்கில், இல்லை. கோழிக்கோட்டுப் பையனுக்கும் வீடு இருக்கிறது, அவனுக்கு இப்போது முழங்கால் நன்றாக இருக்கிறது. ஆனால் வேறு எந்தக் கணக்கும் இல்லாத ஊரில் நாம் எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்கிறோமே... நம் முழங்காலின் மேல்தான் நம் ரூம், நம் பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் நிற்கிறது. அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பதை சேவியர் பார்த்துவிட்டார். மெதுவாக நடந்து வந்தார். தூரத்தில் பையன்கள் தண்ணீர் பாட்டிலை ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முத ரெண்டு பந்துலயே எனக்கு வெளங்கிட்டு சார்" என்றார் துரைசாமியிடம். "எங்கிட்ட ஒருத்தனும் சொல்லல. ஒழுங்கா போடுங்கலேன்னு கத்தலாம்னுதான் பாத்தேன். வாய் வரல. பந்து கையில வந்து விழுந்துக்கிட்டே இருந்துச்சா... நல்லா இருந்துச்சு."

துரைசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரேயொரு உதவி சார். இன்னைக்கு ஆட்டத்தைப் பாத்து முடிவு பண்ணினதா பயலுவ கிட்ட சொல்லிராதீங்க. மேல ஆபீஸ்ல முன்னாடியே முடிவாயிட்டு, இந்த மேட்ச்சுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லிருங்க. தெரிஞ்சா தாங்க மாட்டானுவ."

துரைசாமி அப்படியே சொன்னார். அன்றிலிருந்து அணியில் ஒருவனும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மேலிடத்தில் ஒரு வார்த்தை பரிந்து பேசாத, மனசாட்சி இல்லாத ஆள் என்று காதுபடவே சொல்கிறார்கள். வாங்கிக்கொண்டு போகிறார். சேவியர் போன வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டார்.

நேற்று ஷாஜி என்னிடம் வந்து, "சாரே, அன்னைக்கு சேட்டன் எத்ர நல்லா ஆடினாரு, பின்னே ஏன் அனுப்பிச்சாங்க?" என்று கேட்டான். மேலிடத்து முடிவு என்று சொல்லி வைத்தேன்.

அந்த அணியில் ஒருவனுக்கும் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.