முதல் வாய்

தெருவில் அவளைக் காஜாக்கா என்றால்தான் தெரியும். தையல் கடைகளிலிருந்து சட்டைகள் மூட்டையாக அவள் வீட்டுக்கு வரும். பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து, பொத்தான் வைத்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்து, மடித்துத் திருப்பி அனுப்புவாள். அவள் மகனுக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: கப்பல். நின்ற இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருப்பான் என்பதால். அந்தப் பெயரைக் கேட்டு ஆரம்பத்தில் சண்டைக்குப் போனவள், சில வருடங்களில் தானே "கப்பலு, குளிக்க வாடா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

கப்பலுக்கு இருபத்தாறு வயது. வாசல்படி தலையில் இடிக்கும் உயரம். பேச்சு வரவில்லை. சந்தோஷம் வந்தால் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு சிரிப்பான். தாங்க முடியாமல் போனால் நெற்றியைச் சுவரில் மோதுவான். அவன் அப்பா வெளியூர் வேலைக்கென்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர், போனவர்தான்.

சின்ன வயதில் ஒருநாள் கிளினிக்கில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த நல்ல மனசுக்காரி ஒருத்தி ஆறாத கஞ்சியை அவன் வாயில் வைத்துவிட்டாள். நாக்கு வெந்துபோனது. அன்றிலிருந்து ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டான். விலா எலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்துப்போனான். காஜாக்கா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். கடைசியில் அவன் தட்டிலிருந்து ஒரு வாய் தான் எடுத்துச் சாப்பிட்டு, "பாரு, சுடல" என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். கப்பல் குனிந்து அந்த நாக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். வாயைத் திறந்தான்.

அப்படி ஆரம்பித்தது நிற்கவே இல்லை. தலை நரைத்த பிறகும் காஜாக்கா மூன்று வேளையும் மகனுக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுப் பந்தியிலும் நீட்டினாள், பஸ் நிலையத்திலும் நீட்டினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவள் கவலைப்படவில்லை. அவனுக்கு வயிறு நிறைந்தால் போதும்.

டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை இருந்தது. எல்லோருக்கும் அது 'மாடி'. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து எடுத்த இடம். பிள்ளைகள் என்று சொன்னாலும் பாதிப் பேருக்கு மீசை நரைத்துவிட்டது. பெற்றவர்கள் முறை வைத்து வந்து பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் காகித உறை ஒட்டுவார்கள், ரேடியோ கேட்பார்கள், ஒரே நாற்காலிக்கு மூன்று பேர் சண்டை போடுவார்கள்.

மாடியின் சாவி டிரைவரிடம் இருந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான அவருடைய மகளைத்தான் எல்லோரும் மேனேஜர் என்பார்கள். முப்பது தாண்டிய, குள்ளமான, வட்ட முகக்காரி. வார்த்தைகள் கொழகொழவென்று வந்தாலும் அதிகாரத்துக்குக் குறைவில்லை. யாருக்கு எந்தத் தட்டு, யார் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். பரிமாறி முடித்ததும் அடுத்தவர் தட்டிலிருந்து ஒரு வாய் திருடுவதும் அவள்தான். யாராவது அதட்டினால் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டிவிட்டுப் போய்விடுவாள்.

மத்தியானம் ஆனால் காஜாக்கா ஊசியைத் துணியில் குத்திவிட்டு மாடிக்கு ஓடி வருவாள், முதல் வாய்க்காக. "நீ எதுக்கும்மா வெயில்ல ஓடி வர்றே? நாங்க பழக்கி விடுறோமே" என்று டிரைவர் பல தடவை சொல்லிப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்" என்பாள். மேனேஜரின் கை கப்பலின் தட்டுப் பக்கம் நீண்டால் பட்டென்று தட்டிவிடுவாள். இந்த நாக்குக்கு மட்டும்தான் அந்த வாய் திறக்கும் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளும்படியான பெருமை இல்லை அது. ஆனாலும் அவளிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அந்த வருடம் அவளுக்கு உதிரம் நிற்காமல் போக ஆரம்பித்தது. அடிவயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு கனம். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். இரண்டு தடவை தேதி வாங்கினாள். இரண்டு தடவையும் போகவில்லை. மூன்றாவது தடவை டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்தத் தடவையும் வரலைன்னா, அடுத்து உங்களைத் தூக்கிட்டுத்தான் வருவாங்க. புரியுதா?"

"பையனையும் கூட வச்சுக்கலாமா, டாக்டர்?"

"பெண்கள் வார்டும்மா. அவ்வளவு பெரிய ஆளை எப்படி உள்ள விடுவாங்க?"

தம்பிக்குப் போன் செய்தாள்.

"ஒரு பத்து நாள்டா. நான் எழுந்து நடக்கிற வரைக்கும்."

"அக்கா, நான் மாட்டேன்னா சொல்றேன்? வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கா. அவனும் வளர்ந்த ஆளு..."

"என்னடா சொல்றே? அவ பொறந்தப்ப தூளி ஆட்டினவன்டா அவன்."

"அது அப்போக்கா."

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கு மேல் கேட்டிருந்தால் தம்பி என்ற ஒரு உறவும் இல்லாமல் போயிருக்கும்.

இப்படிப்பட்டவர்களுக்கென்று விடுதி ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், போய்ப் பார்த்தாள். தரை பளிச்சென்று இருந்தது. எல்லோர் தலையும் ஒரே மாதிரி மழித்திருந்தது. ஓடாத டிவியைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் சாப்பிடும் விதத்தைச் சொன்னபோது பொறுப்பாளர் சிரித்துவிட்டார். "எல்லாம் செல்லம் குடுத்ததும்மா. ரெண்டு நாள் காயப் போட்டா மூணாம் நாள் தானா வழிக்கு வருவாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்!" அவள் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே வந்தாள்.

அன்று மாலை காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நினைப்பு வந்தது. நாம் ஒரேயடியாகப் போகும்போது இவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன? யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்ன மாதிரி இருந்தது. ஊசியைக் கீழே வைத்தாள். கப்பலைக் கிளப்பிக்கொண்டு நேராக டிரைவர் வீட்டுக்கு நடந்தாள். அந்த நினைப்போடு தனியாக இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

எதையும் மறைக்காமல் சொன்னாள். டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நீ ஆஸ்பத்திரிக்குப் போ. இவன் என்கூட மாடியில இருக்கட்டும். ஆனா புதன், வியாழன் ரெண்டு நாளும் ராத்திரி பகலா வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கணும். நீ கண்ணுலயே படக்கூடாது."

"சாப்பிட மாட்டாண்ணே."

"அதுக்குத்தாம்மா வெள்ளோட்டம். ரோட்டுல போய் பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சு என்ன பண்றது?" பிறகு வழக்கம்போலத் தன் வயிற்றைத் தட்டினார். "ஆபரேஷன்லாம் ஒண்ணுமே இல்ல. எனக்குக் குடலிறக்கம் பண்ணினப்போ..." அந்தக் கதையை அவர் ஊருக்கே சொல்லியிருக்கிறார். அவள் காதில் அது ஏறவில்லை. புதன்கிழமை அவன் யார் கையால் சாப்பிடுவான் என்பதிலேயே அவள் மனது கிடந்தது.

புதன்கிழமை அவனை மாடியில் விட்டுவிட்டு, போவது போலப் போய், டயர் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். கடைக்காரர் இரண்டு டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அவளுக்கு இருக்கை செய்து கொடுத்தார். மத்தியானம் ஆனது. தட்டுகளின் சத்தம் கேட்டது. பிறகு தொம், தொம் என்று சுவர் அதிர்ந்தது.

"என்னம்மா, மேல லாரி ஓட்டுறாங்களா?" என்றார் கடைக்காரர். "என் சுவரு தாங்குமா? உங்க பையன் தலை கட்டடத்தை விட உறுதி போல."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வந்தும் அவள் பக்கம் பார்க்காமல் டீயை நீட்டினார்.

மாலையில் டிரைவர் இறங்கி வந்தார். சட்டை முழுக்கச் சோறு.

"எனக்கு அறுபத்தெட்டு வயசும்மா. இன்னிக்கு உன் பையன் முன்னாடி நாக்கை நீட்டின மாதிரி டிப்போ மேனேஜர் முன்னாடி நீட்டியிருந்தா என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான்."

"பார்த்தானாண்ணே?"

"பார்த்தான். டாக்டர் மாதிரி குனிஞ்சு பார்த்தான். அப்புறம் தட்டைத் தள்ளிட்டான். தண்ணி மட்டும் குடிக்கிறான்."

அவள் எழுந்தாள். டிரைவர் படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு வாய்ண்ணே. குடுத்துட்டு இறங்கிடுறேன்."

"நீ இப்ப ஏறினா, வயித்தைத் தைச்சுப் போட்ட பிறகும் ஏறி வரணும். வருவியா?"

"அந்த விடுதிக்காரன் சொன்னதைத்தானே நீங்களும் செய்றீங்க! காயப் போடுறீங்க!"

அவர் முகம் சுருங்கிப்போனது. வழி விடவில்லை.

வியாழக்கிழமை காலையிலும் கப்பல் சாப்பிடவில்லை. மத்தியானம் அடித்த தொம் தொம் முந்தைய நாளைவிட மெதுவாக இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. மோதுவதற்குக்கூட அவனிடம் பலம் குறைந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமும் அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தாள். தான் இல்லாமல் ஒரு நாள்கூட அவனால் பிழைக்க முடியாதபடி வளர்த்திருக்கிறோம் என்பது அந்த டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. யாரைத் திட்டுவது? எத்தனை பேர் ஸ்பூனுக்குக் கை நீட்டினார்கள்! எல்லாக் கையையும் தட்டிவிட்டது யார்?

எழுந்தாள். "நான் போகலைங்க" என்றாள் கடைக்காரரிடம், அவர் ஏதோ கேட்ட மாதிரி. "ஆஸ்பத்திரிக்குப் போகல. அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வர்றது வரட்டும்."

கடைக்காரர் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. படி திரும்புகிற இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கப்பல் அவளுக்குப் பக்கவாட்டு முகம் தெரிய உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஈரத்துணி. உதடு வெடித்திருந்தது. முன்னால் ஆறிப்போன சோறும் முட்டையும். டிரைவர் பக்கத்தில் சோர்ந்துபோய், ஸ்பூனை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் தட்டுகளைச் சேகரித்துக்கொண்டே வந்தாள். கப்பலின் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முட்டையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! அவனே பட்டினியா கிடக்கான், அவன் தட்டுலயா கை வைக்கிறே? அறிவிருக்கா உனக்கு?" டிரைவர் கத்தினார். இரண்டு நாள் ஆற்றாமை முழுவதும் அந்தக் குரலில் இருந்தது.

மேனேஜர் அப்பாவைப் பார்த்து நாக்கை நீட்டினாள். முட்டைத் துணுக்கு ஒட்டிய நாக்கை, முழு நீளத்துக்கு, கண்ணை உருட்டிக்கொண்டு நீட்டினாள்.

கப்பலின் ஆட்டம் நின்றது. மெதுவாகக் குனிந்தான். தனக்காக நீட்டப்படாத அந்த நாக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"ம்க்கும்! உனக்கும் வேணுமா?" என்று அலுத்துக்கொண்டாள் மேனேஜர். அப்பாவின் முழங்காலிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கினாள். அள்ளி ஊட்டினாள். பாதி கீழே விழுந்தது. கப்பல் மென்றான். விழுங்கினான். மறுபடியும் வாயைத் திறந்தான். "இரு, இது எனக்கு" என்று இரண்டாவது வாயைத் தானே எடுத்துக்கொண்டு, அவனுக்கும் ஒரு பழிப்புக் காட்டிவிட்டு, அடுத்ததை ஊட்டினாள்.

டிரைவர் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

காஜாக்கா படியிலேயே உட்கார்ந்தாள். இது நடக்க வேண்டும் என்றுதானே இரண்டு நாளாக டயர் கடையில் தவம் கிடந்தாள்? நடந்துவிட்டது. ஆனாலும் கையில் இருந்த ஒன்றை யாரோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. வாய்க்குள் அவள் நாக்கு செய்வதற்கு வேலை இல்லாமல் கிடந்தது. உள்ளே கப்பல் காதைப் பிடித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவில்லை. சாப்பிட்டான், அவ்வளவுதான். நாளைக்கும் சாப்பிடுவானா? மேனேஜருக்குக் காய்ச்சல் வந்தால்? அவளுக்குத் திருட மனசு வராத ஒரு நாளில்?

தெரியாது. யாருக்கும் தெரியாது.

தட்டு காலியான பிறகு டிரைவர் வெளியே வந்தார். படியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப, காலையில நீ கிளம்பலாம்."

அவள் தலையாட்டினாள். வயிற்றைக் கிழிப்பார்கள். மயக்க மருந்து கொடுப்பார்கள். கண்ணைத் திறக்காமலே போய்விட்டால்? இத்தனை நாளாக இந்தப் பயம் எங்கே இருந்தது? அவனுக்கென்று வைத்திருந்த பயமே நெஞ்சு முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அது ஓரடி நகர்ந்ததும், காத்திருந்த மாதிரி இது வந்து உட்கார்ந்துகொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"வலிக்குமாண்ணே?"

டிரைவர் தன் வயிற்றைத் தட்டவில்லை. குடலிறக்கக் கதையை எடுக்கவில்லை.

"வலிக்கும்மா" என்றார். "கண்ணு முழிச்சதும் ரொம்ப வலிக்கும்."

உள்ளே மேனேஜர் தட்டுகளைக் கழுவ எடுத்துப் போகும் சத்தம் கேட்டது. காஜாக்கா எழுந்தாள். மேலே பார்க்காமல், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள்.