கிளியம்மாள் இறக்கிய டவர்

எங்கள் ஊரில் கிளியம்மாளைப் பற்றி விசாரித்தால் டவர் கிறுக்கு என்பார்கள், வாய்க்காரி என்பார்கள், பேய் பிடித்தவள் என்றுகூடச் சொல்வார்கள். எல்லாம் அவள் அந்தப் பக்கம் இல்லாதபோதுதான். எதிரில் வந்துவிட்டால் "வாக்கா, சாப்ட்டியா" என்று குழைவார்கள். நானும் அந்த ரகம்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் பெயர் ஏசுவடியான். சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் ஆளாக வந்தவன். லைனில் நின்று நின்று முதுகு போனதும் வேலையை விட்டுவிட்டு, ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். தெற்கத்திக் கடைக்காரன் என்பதால் எனக்கு வயசில் மூத்தவர்கள்கூட என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மனு அடிப்பது, ஆன்லைனில் பதிவது எல்லாம் என் கடையில்தான். டவருக்கு எதிராகக் கிளியம்மாள் போட்ட மனுக்கள் மொத்தம் நாற்பத்தொன்று. அத்தனையும் நான் அடித்தவை.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயசு. நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போனபின், மிச்சமிருந்த மனையில் எட்டு அறை கட்டி, கம்பெனி வேலைக்கு வரும் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். புருஷன் சுப்பன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். வாய் பேசத் தெரியாத மனுஷன். அவருக்கும் சேர்த்து இவள் பேசினாள்.

பக்கத்து வீடு செந்தமிழனுடையது. சுப்பனுக்குப் பங்காளி முறை. ஒரு காலத்தில் வார்டு மெம்பராக இருந்தவன். அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை. 2019இல் அவன் மொட்டை மாடியில் செல்போன் டவர் வந்தது. அதற்கான ஜெனரேட்டரை இரண்டு வீட்டுக்கும் நடுவில், சுப்பனின் கட்டில் கிடந்த ஜன்னலுக்கு நேராக வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு கண் மங்கியது. ஸ்கேனில் மூளைக்குள் கட்டி. 2022 ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

டவரால் கட்டி வந்ததா என்று டாக்டரிடமே அவள் கேட்டாள். "அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லம்மா. எதனால வந்துச்சுன்னும் எங்களால சொல்ல முடியாது" என்றார் அவர். இவள் காதில் பின்பாதி மட்டுந்தான் விழுந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் காரணமே இல்லாமல் செத்தான் என்று எவள் ஒத்துக்கொள்வாள்?

ஆனால் இது வெறும் துக்கத்தோடு நின்றிருக்க வேண்டியது. பகையாக்கியது செந்தமிழன். பிணத்தை வாசலில் கிடத்தியிருந்தபோது கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. டீசல் புகை நேராகப் பிணத்தின் மேல் வந்தது. அழுகிறவர்களின் குரல்கூடக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கிளியம்மாளே எழுந்து போய்க் கேட்டாள். "கம்பெனி மெஷினு அண்ணி, என் கைல இல்ல" என்றான். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்றவனிடம் திரும்பி, "குடிச்சிட்டு வர்ற வியாதிக்கெல்லாம் டவரு மேல பழி போடறாங்க" என்றான். சுப்பன் ஜென்மத்தில் குடிக்காதவர். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கே அவன் கன்னத்தில் அறையத் தோன்றியது. அறையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்தாள்.

"எழுது அண்ணாச்சி. என் புருஷன கொன்னது டவரு. அத்த வச்சது செந்தமிழன். ரெண்டும் எறங்கணும்."

"டவர இறக்கலாம்க்கா. ஆளை எங்கன இறக்க?"

"ஊருக்கு முன்னாடி தலை குனிஞ்சி நிக்கணும் அவன். அத்த நான் கண்ணால பாக்கணும். பாக்காம சாவ மாட்டேன். நீ சொம்மா எழுது."

எழுதினேன். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் மனு நாள். ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸ், ஊராட்சி, சுகாதாரத் துறை, ஒன்றையும் அவள் விடவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் பக்கம் கை காட்டினார்கள். ஒரு ஆபீஸில் ஏழு தடவை போய் நின்ற பிறகு, அங்கிருந்த கிளார்க் இவளைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தான். எட்டாவது தடவை இவள் பின்வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் 2023இல் கதிர்வீச்சு அளக்க ஆள் வந்தார்கள். ஊரே கூடிவிட்டது. கையடக்கமான மீட்டரைத் தூக்கிக்கொண்டு மாடியிலும் தெருவிலும் அளந்தார் ஒரு அதிகாரி. கிளியம்மாள் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், சுப்பன் தலை வைத்துப் படுத்த தலையணையைக் காட்டி, "இங்க அளங்க சார்" என்றாள். நல்ல மனுஷன். மறு பேச்சில்லாமல் தலையணை மேல் மீட்டரை வைத்து ஆறு நிமிஷம் நின்றார்.

"அனுமதிச்ச அளவுல நூத்துல ஒரு பங்குகூட இல்லம்மா" என்றார்.

மறுவாரம் செந்தமிழன் அந்த ரிப்போர்ட்டைப் பெரிசாக ஃபிளெக்ஸ் அடித்து, அவள் வாசலைப் பார்த்த சுவரில் கட்டினான். ஊர் சிரித்தது. கோலம் போடக் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அதுதான் அவள் கண்ணில் படும். மழையில் சாயம் போகிறவரை அதை அவன் கழற்றவில்லை.

ஆனால் கிளம்பும்போது அந்த அதிகாரி ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கதிர்வீச்சுக்கு அளவு வைப்பது டெல்லி, அதில் ஊராட்சிக்கு வாய் கிடையாது, ஆனால் ஊராட்சி கொடுத்த அனுமதிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதக் கடிதம் வைத்திருப்பார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள் என்று. பக்கத்து வீடு இவளுடையதுதான். இவள் எந்தக் கடிதமும் கொடுத்ததில்லை. அன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதினோம். தட்டிக் கழித்தார்கள், மேல்முறையீடு செய்தோம். ஒரு வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் கடைசியில் உறை வந்தது. பிரிக்காமல் அப்படியே என் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிரித்தேன். மூன்றாவது தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டவர் வைக்கச் சம்மதம் என்று மேலே அடித்திருந்தது. கீழே, "எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை" என்ற வரி. அதன் கீழே கிளியம்மாள் என்று கோணல்மாணலாக அவள் கையெழுத்து. போலி இல்லை. அசல் அவள் கை. அந்தக் கடைசி வரியின் எழுத்து என் கடைப் பிரிண்டருடையது.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு பேங்க் கணக்குக்கும் கம்பெனிக்கும் வீட்டு ஓனர் கடிதம் வேண்டும். அவர்கள் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் ஓனரைத் தேடிக்கொண்டு போக முடியாது. அதனால் ஆட்சேபணை இல்லை என்ற ஒரு வரியை மட்டும் நான் கீழே அடித்துக் கொடுக்க, ஓனர்கள் அதன் கீழ் கையெழுத்துப் போட்டு, மேலே வெற்றாக விட்ட தாள்களை இருபது, முப்பது என்று என் கடையில் கொடுத்து வைப்பார்கள். பிள்ளை வந்து கேட்டால் மேலே பெயரையும் அறை எண்ணையும் அடித்துக் கொடுப்பேன். ஊரில் பாதிப் பேருடைய கையெழுத்து என் மேஜை டிராயரில் கிடந்தது. யாரும் அதைத் தப்பாக நினைத்ததே இல்லை.

2019இல் ஒரு மத்தியானம் செந்தமிழன் வந்து, "அண்ணி வூட்டுப் பையனுக்கு லெட்டர் வோணுமாம், வெறும் தாளாவே குடு" என்றான். கடையில் கூட்டம். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அது ஞாபகத்தில்கூட இல்லை, அந்தத் தாளைப் பார்க்கிறவரை.

மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லப் பிடிக்காதவன் என்று பெருமையடிக்க மாட்டேன். நினைக்கத்தான் செய்தேன்.

"இன்னா அண்ணாச்சி, மூஞ்சி ஒரு மாரி கீது?"

தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். விரலால் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்னுதுதான். அவன் கைக்கு எப்டி போச்சு?"

"நாந்தான்க்கா குடுத்தேன். பையனுக்குன்னு கேட்டான். விசாரிக்காம குடுத்துட்டேன்."

திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளை உறைக்குள் திரும்பப் போட்டாள். "ரெண்டாந் தேதி கிராம சபை. நீ வர்ற" என்றாள்.

"யக்கா, நான் பொழைக்க வந்தவன். ஊர்ப் பகை எனக்கு..."

"வர்ற."

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு என்ன நஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தாளை வெளியே எடுத்தால், புருஷனைக் கொன்றது என்று அவள் சொல்லும் டவருக்கு அவளே கையெழுத்துப் போட்டாள் என்றாகிவிடும். கிழித்துப் போட்டால் செந்தமிழன் தப்பித்துவிடுவான்.

ரெண்டாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானாவுக்குக் கீழே அவளே எழுந்து நின்று தாளைத் தூக்கிக் காட்டினாள். "இது என் கையெழுத்து" என்றாள்.

செந்தமிழன் வாய்விட்டுச் சிரித்தான். "கேட்டுக்கோங்க! சம்மதம் குடுத்துட்டு ரெண்டு வருசமா என்னிய கொலைகாரன்னுகினு இருந்தாங்க. அப்ப அண்ணன கொன்னது யாரு அண்ணி?"

கிளியம்மாள் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, ஏந்திரு. உன் டிராயர்ல இன்னா கீதுன்னு சொல்லு."

சொன்னேன். வெற்றுத் தாள்கள் இருப்பதை, செந்தமிழன் பொய் சொல்லி வாங்கிப் போனதை, நான் கேட்காமல் கொடுத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடிப்பதற்குள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒவ்வொரு ஓனருக்கும் தன் கையெழுத்து ஞாபகம் வந்துவிட்டது. இத்தனை நாள் சிரித்தவர்களே எழுந்து நின்று கத்தினார்கள். சுப்பனுக்காக யாரும் கத்தவில்லை, அவரவர் வீட்டுக்காகக் கத்தினார்கள். "என் தாளுல இன்னா எழுதிக்கினடா?" என்று இன்னொரு ஓனர் மாரிமுத்து போய் செந்தமிழன் சட்டையைப் பிடித்துவிட்டான். செந்தமிழன் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தான். கிளியம்மாள் கண் கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொய்க் கடிதத்தின் பேரில் கொடுத்த அனுமதியை ரத்து செய்யத் தீர்மானம் போட்டார்கள். இனி டவரோ ஜெனரேட்டரோ வைப்பதென்றால் அக்கம்பக்கத்தார் சபைக்கு நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். மோசடி என்று போலீசிலும் எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் செந்தமிழன் தன் பெண்டாட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றான்.

"கேஸ வாபஸ் வாங்கிடு அண்ணி. கால்ல உய்ந்து கேக்கறேன்."

"போலீஸ் கேஸு செந்தமிழா, என் கைல இல்ல" என்று கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்று வாடகைக்கு இருந்த பெண் உலகம்மாள் என்னிடம் சொன்னாள்.

என் கதை வேறு மாதிரி ஆனது. கிராம சபை முடிந்த அன்று சாயங்காலமே ஊர் திரண்டு வந்து அவரவர் தாளை எண்ணி வாங்கிப் போனது. கடைக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கிளியம்மாள் வரவே இல்லை. ஒரு தாள் ஜெராக்ஸுக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்குப் போனாள், அதுவும் என் கடை வாசலில் நின்று ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி.

2025 மார்ச்சில் டவரை இறக்கினார்கள். கிரேன் வந்து துண்டு துண்டாகக் கழற்றியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவில் போட்டு, கடைசித் துண்டு லாரியில் ஏறுகிறவரை உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, சிரிக்கவுமில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி அவள் மனசு ஆறிவிடும், என்னையும் மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள். ஐந்து மாசத்துக்குப் பிறகு முதல் தடவை. "வாங்கக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. என் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி என் முன்னால் வைத்தாள்.

"கீழ கையெழுத்து போடு அண்ணாச்சி."

"என்னக்கா எழுதணும்?"

"அத்த நான் அப்புறம் எழுதிக்கிறேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. போட்டேன். மை காய்கிறவரை ஊதினாள். மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

எட்டு மாசம் ஆகிறது. தாள் அந்தக் கவரிலேயே இருக்கிறது என்கிறாள் உலகம்மாள். இன்னும் அதில் அவள் ஒன்றும் எழுதவில்லை.