எஃகுத் தட்டோடு பாலாற்றைக் கடந்த சனிக்கிழமை

பொங்கல் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை போரூரிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வாலாஜாபாத் போய் வந்தேன். மொத்தமே நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்கலாம். அதில் பாலாற்றுக்குள் போகும் ஒன்றரைக் கிலோமீட்டரை மட்டும் இருபத்து நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. செல்போன் கோபுரங்களில் ஜெனரேட்டர் பராமரிப்பது என் வேலை. பாதிக் கோபுரங்களுக்குச் சரியான பாதை கிடையாது. அதனால் போன தீபாவளிக்குப் பிறகு ஒரு பிக்கப் வாங்கினேன். முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த தொட்டி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. கரடுமுரடான பாதைக்கென்று நிறுவனத்திலேயே தயாராகி வரும் வகை. வாங்கிய பிறகு நாம் பட்டறையில் விட்டு மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர், அடியில் எஃகுத் தட்டுகள் எல்லாம் கூடவே வந்துவிடும். அந்தத் தட்டைத்தான் ஸ்கிட் பிளேட் என்கிறார்கள். கல்லில் அடிபட்டால் இன்ஜினுக்குப் பதில் அந்த அடியைத் தட்டு வாங்கிக்கொள்ளும்.

வண்டி வாங்கியதை போனில் தானியேலிடம் சொன்னேன். என்ன விலை, என்ன நிறம் என்று அவன் கேட்கவில்லை.

"அடியில இன்னா போட்டுகிறான்?" என்றான்.

"எஃகுத் தட்டுதான்பா. மூணு இருக்கு."

"கொண்டாந்து காட்டு. நான் படுத்துப் பாக்கணும்."

தானியேல் என்னோடு பள்ளியில் படித்தவன். ஐயம்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். செங்கல் சூளைக்கும் வயலுக்கும் போகிற சரக்கு வண்டிகளுக்கு அடித்தட்டு செய்து மாட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவனுக்கு நல்ல பெயர்.

காலை ஐந்து நாற்பதுக்குப் போரூரை விட்டேன். ஏழு ஐந்துக்கு காஞ்சிபுரம், அறுபத்திரண்டு கிலோமீட்டர். பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் வாசல்களில் கூட்டம் சேருவதற்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்ட இட்லி இரண்டு, ஒரு காபி, தொண்ணூறு ரூபாய். பிள்ளையார்பாளையம் வழியாக ஒரு சுற்று வந்தேன். நான் பிறந்த தெரு அது. தறிச் சத்தம் கேட்டது. என் சித்தப்பா மகன் வாசலில் நின்றபடி ஒரு புடவைக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். "சாயங்காலம் வாண்ணா, இப்ப கஸ்டமர் லைன்ல இருக்காங்க" என்றான். வண்டியைத் திருப்பினேன்.

காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை ஒன்பது கிலோமீட்டர். ஷேர் ஆட்டோக்கள் திடீர் திடீரென்று நிற்கும். இடைவெளி விட்டே போங்கள். இந்தச் சாலையில் எனக்குத் தெரியாத மரம் கிடையாது. சனிக்கிழமைதோறும் தானியேலின் அப்பா தேவசகாயம் ஓட்டிய டெம்போவில் இதே வழியாகப் போவோம். தானியேல் அவரை நைனா என்பான். நானும் அப்படியே கூப்பிடுவேன். வாலாஜாபாத் அரிசி ஆலையிலிருந்து மூட்டை ஏற்றி அக்கம்பக்கத்துக் கடைகளில் இறக்குவது அவர் தொழில். நாங்கள் இரண்டு பேரும் மூட்டை மேல் மல்லாந்து படுத்துக்கொள்வோம். தவிட்டு வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வரும். திருப்புட்குழிக்கு லோடு என்றால் எங்களுக்குத் திருவிழா. அங்கே பெருமாள் கோயில் குளத்துப் படியில் மூன்று பேரும் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவோம். நைனா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அந்தக் குளக்கரை நிழலுக்கு ஈடு கிடையாது என்பார். இப்போதும் டீசல் புகை அடித்தால் எனக்குப் பசிக்கும்.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. தானியேல் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டான். விரலை மடக்கித் தட்டும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே பேசினான்.

"முன்னாடி இருக்கறது நல்ல தகடுபா. மூணு மில்லி இருக்கும். ஆயில் சம்ப்புக்கு கீழயும் எஃகுதான். கியர்பாக்ஸ் வரைக்கும் மூடிகிறான். ஆனா டீசல் டேங்குக்கு வெறும் பிளாஸ்டிக் உட்டுட்டான்."

"அது பத்தாதா?"

"ரோட்டுக்குப் பத்தும்."

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஆத்துக்குப் போலாமா?" என்று கேட்டான். அவன் கேட்பான் என்று தெரிந்துதான் வந்திருந்தேன்.

அந்த ஆற்றில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது. நைனாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு சனிக்கிழமை தானியேலே லோடு எடுத்தான். அவனுக்கு அப்போதுதான் லைசென்ஸ் வந்திருந்தது. எனக்கு இல்லை. பாலாறு வறண்டு கிடந்தது. டிராக்டர் போகும் மணல் தடத்தில் யாரும் இல்லாததைப் பார்த்து, கொஞ்ச நேரம் ஓட்டத் தா என்று கெஞ்சி ஸ்டியரிங்கை வாங்கினேன். நடுவில் ஒரு கல்லில் அடி இடித்தது. மூட்டைகள் சரிந்தன. அவற்றைப் பிடித்துக்கொள்ள தானியேல் பின்னால் ஏறிக்கொண்டான். நான் ஓட்டிக்கொண்டே போனேன். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப் உடைந்து எண்ணெய் முழுவதும் மணலில் ஒழுகியது எனக்குத் தெரியாது. எண்ணெய் குறைந்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் எரியும் சிவப்பு விளக்கையும் பார்க்கவில்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்ஜின் ஒரு முறை அலறி நின்றது. பிறகு அசையவே இல்லை.

"நான்தான் ஓட்டுனேன்னு சொல்லிக்கிறேன். உனக்கு லைசென்ஸ் இல்ல" என்றான் தானியேல். நான் சரி என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வண்டி இரண்டு மாதம் நின்றது. ஆலை லோடு வேறு ஆளுக்குப் போனது. நைனா இன்னொருவரின் லாரியை ஓட்டப் போனார். தானியேலை வண்டிச் சாவியைத் தொட விடவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்த்துவிட்டார். நான் படிக்கச் சென்னைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். தானியேலோடு பேச்சு விட்டுப்போகவில்லை. ஆனால் அவன் கல்யாணத்துக்கு வந்தபோதுகூட, நைனா சாப்பாட்டுப் பந்தியை மேற்பார்வை பார்க்கிறார் என்று தெரிந்து, மொய் எழுதிவிட்டு அப்படியே நழுவினேன்.

ஒன்பதேகாலுக்கு, வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றில் இறங்கினோம். மணலில் புதையாமல் இருக்க டயர் காற்றைப் பதினெட்டு பி.எஸ்.ஐ.க்குக் குறைக்கச் சொன்னான் தானியேல். மெல்லிய ஓடை ஒன்று கணுக்கால் அளவு போய்க்கொண்டிருந்தது. நான்கு சக்கர இழுவையில், லோ கியரில், நடை வேகத்தில் போனேன். வண்டி அழகாக மிதந்தது. ஓடையைத் தாண்டியதும் மணலுக்குள் புதைந்திருந்த ஒரு பழைய கான்கிரீட் துண்டு அடியில் மோதியது. பாதம் வரை அதிர்ந்த ஒரே இடி.

நான் உடனே இன்ஜினை அணைத்துவிட்டேன். இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏதாவது சொட்டுகிறதா என்றுதான். பிறகு அவன் இறங்கி, டார்ச்சை அடித்துக்கொண்டு மணலில் படுத்தான். எனக்கு அது நீண்ட நேரமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லபா. தட்டுதான் வாங்கிக்கிச்சு. ஒரு உள்ளங்கை அளவு நசுங்கிகிது. சம்ப் அப்பிடியே இருக்குது."

எழுந்து முதுகு மணலைத் தட்டிவிட்டான். நான் கதவைத் திறந்தேனே தவிர இறங்கவில்லை.

"நைனாகிட்ட சொல்லணும் தானியேலு."

"இன்னாத்த?"

"அன்னிக்கு யாரு ஓட்டுனதுன்னு."

அவன் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டான். "இப்ப எதுக்குபா? அவருக்கு எழுவத்தாறு வயசு. எனக்கும் அது பழகிப்போச்சு. இப்பப் போய் சொன்னா, நான் பொய் சொன்னதுதான் அவருக்குப் பெருசாத் தெரியும்."

"அதையும் நானே சொல்றேன்."

அவன் ஏறி உட்கார்ந்து, "சரி, வண்டிய எடு" என்றான். வந்த தடத்திலேயே திரும்பினோம்.

அவர்கள் வீடு வாலாஜாபாத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். நைனா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "வாபா. வழி தெரிஞ்சுதா?" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டத் தா என்று கெஞ்சியது, கல், தலையாட்டியது. தானியேல் கதவருகில் நின்றான்.

அவர் மொபைலைக் கவிழ்த்து வைத்தார்.

"லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சிருக்கும் நைனா. நான் பாக்கல."

"இவன் எங்க இருந்தான்?"

"பின்னாடி. மூட்டையப் புடிச்சிக்கினு இருந்தான்."

அவர் தானியேலைப் பார்த்தார். "உனக்கு நான் சொல்லிக் குடுத்த மொத பாடமே அந்த லைட்டுதான். ரோட்டப் பாரு, லைட்டப் பாரு, ரோட்டப் பாரு. எப்பிடிடா பாக்காம உட்டான்னு இத்தினி வருஷமா எனக்கு வெளங்கல. கவனம் இல்லாத பையன்னு நெனச்சுக்கினு இருந்துட்டேன்."

"உடு நைனா."

"ரெண்டு வருஷம் உன்ன என்கூட ஏத்தல. தனியாத்தான் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். அப்புறம் நானே கேட்டேன், வரியாடான்னு. வேல இருக்குதுன்னுட்ட."

நைனாவின் கோபம் என் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தேன். "நீ அப்பவே வந்து சொல்லி இருக்கணும். ரெண்டு அறை குடுத்துட்டு சோறு போட்டிருப்பேன்" என்றார். அதைச் சத்தம் போடாமல் சொன்னதுதான் அதிகமாக வலித்தது. பிறகு எழுந்து செருப்பைத் தேடினார். "வண்டி எங்க? நீ ஓட்டி நான் பாத்ததே இல்ல. வா."

மீதியைச் சொல்வதற்கு முன், இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆற்றில் எங்கே இறங்கலாம் என்று அன்றன்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். மணலுக்குள் குழியும் பழைய கான்கிரீட்டும் இருக்கின்றன, தண்ணீர் முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். பிக்கப் வாங்கும்போது விளம்பரத்தை நம்பாமல் அடியில் படுத்துத் தட்டிப் பாருங்கள். எஃகு ஒரு மாதிரி கேட்கும், பிளாஸ்டிக் வேறு மாதிரி. போல்ட் தலைகள் தட்டுக்குள் அமுங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் கல்லிலேயே சிதைந்து, பிறகு தட்டைக் கழற்றவே முடியாது. ஆயில் மாற்றத் துளை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆற்றில் இறங்கிய அன்றே தட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மணல் தங்கினால் துரு பிடிக்கும். கரையேறியதும் காற்றைத் திரும்ப அடித்துக்கொள்ள ஒரு சின்ன பம்ப் வேண்டும். எனக்கு டீசல் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. தட்டு எல்லா அடியையும் வாங்கிக்கொள்ளும் என்று நினைத்து ஓட்டாதீர்கள். நான் அப்படி ஓட்டித்தான் காலையில் இடித்தேன்.

பதினொன்று பத்துக்கு மறுபடி ஆற்றில் இறங்கினோம். நைனா என் பக்கத்தில், தானியேல் பின் இருக்கையில். லைசென்ஸ் எடுக்க எட்டுப் போட்டபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, மணல் தடத்தை ஒரு முறை, என் முன்னால் இருந்த விளக்குகளை ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். கான்கிரீட் இருந்த இடத்துக்கு இருபது அடி முன்னாலேயே "லெஃப்ட்ல ஒடி" என்றார். ஒடித்தேன். எதுவும் இடிக்கவில்லை. பின்னால் திரும்பி, "நீயும் பாத்தியாடா?" என்று கேட்டார். "பாத்தேன் நைனா" என்றான் தானியேல். பிறகு அப்பாவும் மகனும் டேங்குக்கு அடியில் எத்தனை மில்லித் தகடு போடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். எதிர்க்கரை ஏறும் வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

கரைமேல் ஒரு டீக்கடை. கடைக்காரர் சிங்காரம் நைனாவின் வயதுக்காரர். நாங்கள் பெஞ்சில் உட்காருவதற்குள் நைனா அவரைக் கூப்பிட்டு என் தோளில் கை வைத்தார்.

"சிங்காரம், அப்ப என் வண்டிய ஆத்துல உடைச்சது என் பையன் இல்லபா. தோ, இவன்."

சிங்காரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீக்கு சக்கர போடலாமா?" என்று கேட்டார்.

"போதும் நைனா" என்றான் தானியேல். அவன் முகம் சிவந்திருந்தது.

"இருடா. இன்னும் ரெண்டு பேர் வரட்டும்."

அன்று அந்தக் கடையில் ஐந்து பேரிடம் சொன்னார். ஐந்து தடவையும் நான் எழுந்து நின்றேன்.