ஜமீலா அக்காவின் மாடியில் வடக்கு

கல்லூரி பஸ்ஸில் ஏறியதும் நான் முதலில் பார்ப்பது மூன்றாவது வரிசையைத்தான். அஸ்தினாபுரத்தில் ஏறும் ஜமீலா அக்கா, தாம்பரத்தில் ஏறும் எனக்காகப் பக்கத்து இருக்கையில் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பார். போன செவ்வாய்க்கிழமை பையும் இல்லை, அக்காவும் இல்லை. எனக்குச் சுள்ளென்று கோபம்தான் வந்தது. லீவு போட்டால் ஒரு போன் பண்ணக் கூடாதா? நம்பரை அழுத்திக்கொண்டிருந்தபோது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"போன் பண்ணாதீங்க மேடம். லைப்ரரி அம்மா தவறிட்டாங்க. காலைல தொழுதுகினு இருந்தாங்களாம், அப்படியே சாஞ்சுட்டாங்களாம்."

"யார் சொன்னா? கண்டதை உளறாதீங்க!" என்று கத்தினேன். பெருங்களத்தூர் தாண்டும்வரை கத்தினேன். பாவம், அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையும் எழுந்து நடந்து நடந்துதான் எழுதுகிறேன்.

நம் கல்லூரி நூலகத்து ஜமீலா அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தாமதமாகப் புத்தகம் கொண்டுவரும் மாணவர்களிடம், "புக்கு நல்லா இருக்கு, நீ நல்லா இருக்கியா?" என்று கேட்பவர். நான் சொல்ல வந்தது ஒரு டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நின்ற அக்காவைப் பற்றி. அதில் நான் பட்ட கடன் ஒன்று தீராமல் கிடக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவருடைய மகன் ரஃபீக் அதை அனுப்பியிருந்தான். மோட்டார் வைத்தது, தானே வானத்தைத் தேடிக்கொள்ளும் வகை. அக்கா இரண்டு மாதம் போராடியும் ஒன்றும் தெரியவில்லை. மகன் போனில், "உங்களுக்கு அது ஒத்துவராதும்மா, யாருக்காவது குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல் அக்காவின் மனதில் தைத்துவிட்டது. "அவன் மார்ச்ல லீவுக்கு வர்றான். அதுக்குள்ள சனியோட வளையத்தை நான் என் கண்ணால பாத்துடணும். நீ பிசிக்ஸ் டீச்சர்தானே, வா" என்றார். அது அரை மணி நேர வேலை என்று நான் பீற்றிக்கொண்டேன்.

வேலை இதுதான். முக்காலியை மட்டமாக நிறுத்தி, குழாயை வடக்கே பார்க்க வைக்க வேண்டும். ஊர், தேதி, நேரம் கொடுத்தால் அது ஒரு நட்சத்திரத்தின் பக்கம் திரும்பும். நாம் அந்த நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து என்டர் அழுத்த வேண்டும். அடுத்து இன்னொரு நட்சத்திரம். அதன் பிறகு எதைக் கேட்டாலும் அதுவே காட்டிவிடும். நாங்கள் சனியைக் கேட்டோம். கர் கர் என்று திரும்பி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது.

அந்த பிப்ரவரியில் சனிக்கிழமைதோறும் அக்கா அந்திநேரத்து மஃரிப் தொழுதுவிட்டு மாடிக்கு வருவார், நான் தாம்பரத்திலிருந்து போவேன். ஒரு வாரம் தேதியில் தப்பு கண்டுபிடித்தோம். அமெரிக்காக்காரன் மாதத்தை முதலில் போடுவானாம், நாங்கள் நம் வழக்கப்படி தேதியை முதலில் போட்டிருந்தோம். கோடை நேரம் என்று ஒன்று ஆனில் இருந்தது, அதை அணைத்தோம். இன்னொரு வாரம், நான் பாடுபட்டு நடுவில் நிறுத்திய நட்சத்திரம் மெல்லப் பெரிதாகி, இரைச்சலோடு மீனம்பாக்கத்தில் இறங்கப் போனது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ பிசிக்ஸ், உன் நட்சத்திரத்துல எத்தினி பேர் உக்காந்துகினு போறாங்க பாரு!" எனக்குச் சிரிப்பு வரவில்லை, மானம் போன எரிச்சல்தான்.

தேதி சரி, நேரம் சரி, ஊர் சரி. அப்போதும் அது ஏதோ ஒரு வெற்றிடத்தில் போய் நின்றது. பக்கத்தில் இருந்த பிரகாசமான புள்ளி எதுவோ, அதையே நடுவில் வைத்து என்டர் அழுத்தினோம். அது தப்பான நட்சத்திரம் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கும் வானம் தெரியாது. பாடப்புத்தகத்தில் இருக்கும் வானம்தான் தெரியும்.

மிச்சமிருந்தது வடக்கு ஒன்றுதான். அதைக் குறித்துத் தந்தவர் அக்காதான். மாடியிலிருந்து பார்த்தால் தெருக்கோடிப் பள்ளிவாசல் தெரியும். "பள்ளிவாசல் மேற்கைப் பாத்து கீது. அதே பக்கம் பாத்து நின்னா வலது கைப் பக்கம் வடக்கு. இதுல என்ன சந்தேகம்?" என்பார். எனக்குச் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் மாடியில் கம்பு நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அதுதான் அசல் வடக்கு. அக்காவின் வடக்குக்கும் அதற்கும் இடையில் பாகைமானியை வைத்தேன். பதினெட்டு டிகிரி.

கண்டுபிடித்துவிட்ட திமிர். நாக்கில் சனி. "அப்போ உங்க பள்ளிவாசலையே கோணலாத்தான் கட்டியிருக்காங்க அக்கா!" என்றேன்.

அக்கா டெலஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். எனக்கு டீ கொடுத்து அனுப்பினார். மறுநாள் பஸ்ஸில் பை அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் கணிதத் துறை மேடம் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசைக்குப் போனேன். அப்படியே பத்து நாள். நான் சொன்னதில் என்ன தப்பு, அளந்துதானே சொன்னேன் என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். ராத்திரி தூக்கமும் இல்லை. மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வாய்க்கு வரவில்லை.

பதினோராம் நாள் இருக்கையில் பை இருந்தது. உட்கார்ந்தேன். பொத்தேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்து நூலகத்துக்கு இழுத்துப்போனார். மேஜைமேல் பெரிய பூகோள உருண்டை. தையல் நூல் ஒன்றை எடுத்து ஒரு முனையைச் சென்னையில் என்னை அழுத்தச் சொன்னார். மறுமுனையை மக்காவில் வைத்து விறைப்பாக இழுத்தார்.

"நூல் எந்தப் பக்கமா கிளம்புது, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். நேர் மேற்கே கிளம்பவில்லை. வடக்கே சாய்ந்து கிளம்பியது. பாகைமானியை எடுத்து நீட்டினார். வைத்தேன். ஏறக்குறைய பதினெட்டு.

"பள்ளிவாசல் மேற்கைப் பாக்கலடி. மக்காவைப் பாக்குது. கட்டினவங்க ஒழுங்காத்தான் கட்டியிருக்காங்க. அதை மேற்குன்னு நெனச்சது நான்தான். நாப்பது வருஷமா தொழுவுறேன், மேற்கு மேற்குன்னே சொல்லிகினு இருந்துட்டேன்."

தன் தப்பை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உருண்டையில அளக்கிறது தோராயம்தான் அக்கா." இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது. அக்கா சிரித்தார். "சரிடி பிசிக்ஸ். சனிக்கிழமை வந்துடு."

போனேன். தண்ணீர் பட்டதும் அழிந்திருக்க வேண்டிய என் சாக்பீஸ் கோட்டின்மேல் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தது. எப்போது அடித்தார் என்று அவர் கணவர் கனி பாயிடம் கேட்டேன். "நீ வந்துட்டுப் போன அன்னிக்கு சாயந்தரமேம்மா. கேட் அடிச்ச பெயின்ட் மிச்சம் இருந்துது" என்றார். என்மேல் அத்தனை வருத்தத்தோடு, என் கோட்டை அழியவிடாமல் காப்பாற்றியிருக்கிறார். அந்தக் கோட்டின்மேல் குழாயை நிறுத்தினோம். முதல் நட்சத்திரம் கேட்ட இடத்தில் வந்தது, இரண்டாவதும் வந்தது. சனியைக் கேட்டோம். அக்கா கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. "யா அல்லாஹ், கம்மல் மாதிரி கீதுடி" என்றார். கீழே ஓடிப்போய் ரஃபீக்குக்குப் போன் போட்டார். "எனக்கு ஒத்துவந்துடுச்சுடா" என்ற குரல் மாடிவரை கேட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை அஸ்தினாபுரம் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ரஃபீக்கால் வந்துசேர முடியவில்லை. அடக்கம் முடிந்து கனி பாய் திரும்பினார். "கிப்லா பக்கம், மக்காவைப் பாத்து முகத்தைத் திருப்பி வெச்சுட்டோம்மா. நல்லபடியா முடிஞ்சுது" என்றார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. மாடிக்கு ஏறினேன்.

மறுநாள், டெலஸ்கோப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி ரஃபீக் போன் செய்தான். வேண்டாம் என்றேன். நூலகத்து மேஜை இழுப்பறையிலிருந்த அந்தத் தையல் நூலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கைப்பையில் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். இன்னொன்று அவரிடம் போய்ச் சேராமல் ஐந்து வருடமாக என்னிடமே கிடந்தது.

அந்தச் செவ்வாய் மாலை மாடியில் சிவப்புக் கோடு வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. அதன்மேல் வடக்கே பார்த்து நின்றேன். இடதுபக்கம் மேற்கே திரும்பினேன். அங்கிருந்து பதினெட்டு டிகிரி வலப்பக்கம். அக்காவின் முகம் அந்தத் திசையைத்தான் பார்த்திருக்கிறது, துல்லியமாக எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்த்து, "நான் சொன்னது தப்பு அக்கா, மன்னிச்சுடுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன்.