ஐந்து கோல், மெயின் கிரவுண்டில்

எங்கள் ஊர் கால்பந்து கிளப்பின் மெயின் கிரவுண்டைச் சுற்றி அப்போது தகரத் தடுப்பு அடித்திருந்தார்கள். பந்து அதில் மோதினால் கடற்கரை வரைக்கும் டமார் என்று கேட்கும். பெண்கள் அணியாக நாங்கள் அந்த மைதானத்தில் முதன்முதலாக ஆடிய நாளை நினைத்தால் இன்றும் என் காதில் விழுவது அந்தச் சத்தம்தான். நாங்கள் கொடுத்த பாஸ் ஒவ்வொன்றும் வாங்க வேண்டியவளைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, தகரத்தில் போய் முட்டியது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கேலரியில் இருந்த ஆண்கள் பந்து முட்டுவதற்கு முன்பே ‘டமார்’ என்று கோரஸாகக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் கேப்டன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் என் அண்ணன் மனைவி, எனக்கு மதினி.

மதினி மாரியூர்ப் பக்கம் பிறந்தவள். மதுரையில் படித்தபோது கல்லூரி அணிக்கு ஆடியவள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சேலைகளுக்கு அடியில் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. என் அம்மா அதை எடுத்துப் பார்த்து, அண்ணனுடையது பெட்டி மாறி வந்துவிட்டது என்று அவனிடம் கொடுத்தாள். மதினி அதை அண்ணன் கையிலிருந்து வாங்கி மறுபடியும் பெட்டியில் வைத்தாள். பிள்ளை பெற்று, பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்கள், அம்மாவோடு பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள், கைக்குழந்தையைக் கொழுந்தியாளிடம் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் என்று ஒவ்வொருத்தியாகச் சேர்ந்தோம். கரையேற்றிய வள்ளங்களுக்கு நடுவே, கால் புதையும் மணலில்தான் எங்கள் ஆட்டமெல்லாம். அந்த மணலில் பூட்ஸ் உதவாது என்று மதினியும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

புல் இருந்தது ஆண்களுக்கு. ராமநாதபுரம் மாவட்டத்தின் கோடை எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராத வாரத்திலும் மெயின் கிரவுண்டுக்கு வந்தது. கிளப்பின் கௌரவம் அந்தப் புல்லில் இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். நாங்களும்தான் நம்பினோம், அதைத் தனியாக என்ன சொல்ல. ஆண்டு விழாப் போட்டியில் பெண்கள் ஆட்டம் ஒன்றும் அங்கே நடக்க வேண்டும் என்று கேட்கப் போனபோது மதினி அந்த நம்பிக்கையைத்தான் பிடித்து உலுக்கினாள். கிளப் செயலாளர் எங்களுக்குப் பெரியப்பா முறை. மதினிக்கு மாமா. “பொம்பளப் புள்ளைக ஆடுனா புல்லு தாங்காதுத்தா” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பூட்ஸ் போட்ட பதினொரு தடிமாடுகளைத் தாங்கும் புல் எங்களை மட்டும் தாங்காதாம்!

“குடத்தத் தூக்கிக்கிட்டு நாங்க லாரிக்குக் காத்துக் கெடக்குறோம் மாமா. அந்தப் புல்லு குளுகுளுன்னு கெடக்கு. எங்க வீட்டுக்கு வர வேண்டிய தண்ணியக் குடிச்சு வளந்த புல்லு அது. ஒரு நாள் அதுமேல நாங்க ஓடக் கூடாதா?” என்றாள் மதினி. பெரியப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு மீசையைத் தடவினார். பிறகு, ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஆடிக்கொள்ளலாம் என்று சம்மதித்தார். கூடவே ஒரு வாலையும் ஒட்டினார். “ஆடிக் காட்டுங்க. நல்லா இருந்தா மேக்கொண்டு பாப்போம். இல்லையின்னா அதோட விட்டுறணும்.” வீடு திரும்பும் வழியெல்லாம் மதினி அந்த ‘நல்லா இருந்தா’வைத்தான் மென்றுகொண்டு வந்தாள். ஆண்கள் அணியிடம் யாரும் அப்படி ஒரு நிபந்தனை போட்டதில்லை என்றாள். எங்களுக்கோ அது பெரிதாகப் படவில்லை. மெயின் கிரவுண்டு கிடைத்ததே போதும் என்று ஆகாயத்தில் மிதந்தோம்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்கள் அணி வந்தது. ஆட்டம் தொடங்கியதுமே எங்கள் வண்டவாளம் தெரிந்துவிட்டது. மணலில் பந்து உருளாது. பத்தடி தள்ளி நிற்பவளுக்குக் கொடுக்க வேண்டுமென்றாலும் ஓங்கி உதைக்க வேண்டும். எங்கள் கால்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். புல்லில் அதே உதை உதைத்தால் பந்து எங்கே நிற்கும்? ஓடும்போதும் அப்படித்தான். மணலில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி ஓடிப் பழகியவர்களுக்குக் கெட்டித் தரை கிடைத்ததும் வேகம் கட்டுக்குள் நிற்கவில்லை. பந்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு பந்தைத் தேடினோம். நான் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. என்னைத் தாண்டிப் போன ஒரு பெண், “அக்கா, பால் பின்னாடி” என்று எனக்கே சொல்லிவிட்டுப் போனாள். இடைவேளைக்குள் நாலு கோல் வாங்கிவிட்டோம்.

இடைவேளையில் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். முகத்தில் கோபமில்லை, பரிதாபம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. “சனம் சலிச்சுப் போச்சுத்தா. ரெண்டாவது பாதிய பத்து நிமிசத்துல முடிச்சுக்கங்க. பசங்க வார்ம் அப் பண்ணணும்” என்றார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எங்களில் பாதிப் பேருக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது. எப்போது வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைக்கலாம் என்று இருந்தோம். மதினி பந்தைத் தூக்கிக்கொண்டு நடு வட்டத்துக்குப் போனாள். பந்தைத் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பா பின்னாலேயே போனார். நாங்களும் போனோம். “நாப்பத்தஞ்சு நிமிசம் மாமா. ஒரு நிமிசம் கொறஞ்சாலும் எந்திரிக்க மாட்டேன்” என்றாள். நாலு கோல் வாங்கிவிட்டு இதென்ன வீம்பு என்று அவர் கேட்டார். மதினிக்குக் குரல் உயர்ந்தது. கேலரியின் முன் வரிசை வரைக்கும் கேட்டது. “போன வருசம் ஒங்க டீமு ஆறு கோல் வாங்குச்சே, அன்னிக்கு பத்து நிமிசத்துல முடிச்சீகளா? ஆறு வாங்குனவுக இந்த வருசமும் இதே கிரவுண்டுலதான ஆடுறாக? எங்களுக்கும் முழுசா தோக்கணும் மாமா. முழு நேரமும் ஆடித் தோக்கணும்.”

பெரியப்பா என் அண்ணனைத் தேடினார். அண்ணன் ஆண்கள் அணியின் கோல்கீப்பர், ஜெர்சியோடு தடுப்பு ஓரமாக நின்றான். “ஏலே, ஒம் பொண்டாட்டிய வந்து கூட்டிட்டுப் போடா” என்று கத்தினார். அண்ணன் அசையவில்லை. “அந்த ஆறு கோலும் நான் விட்டது பெரியப்பா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவள எந்திரின்னு சொல்ல?” என்றான். கேலரியில் சிரிப்பு வெடித்தது. அன்று முதல் தடவையாக அந்தச் சிரிப்பு எங்களைப் பார்த்து வரவில்லை. அதற்குள் மதுரை அணியின் கேப்டன் வந்து மதினிக்குப் பக்கத்தில் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆடவா பஸ் ஏறி வந்தோம் என்று கேட்டாள். அவளுடைய ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிறகுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்களும் உட்கார்ந்தோம். நாங்கள் எழுந்தால்தான் ஆண்கள் இறுதி ஆட்டம் என்றாகிவிட்டது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார், கேலரியைப் பார்த்தார், நடுவரைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு வெளியே போனார்.

இரண்டாவது பாதியில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. கோல் போட்டோம் என்று எழுத ஆசைதான். போடவில்லை. இன்னொன்று வாங்கினோம். ஆனால் முழு நாற்பத்தைந்து நிமிடம் அந்தத் தரையில் இருந்ததால் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. உதைக்காமல் தள்ளினால் போதும் என்று புரிந்தது. கடைசியில் ஒரு தடவை பந்து என் காலிலிருந்து கிளம்பி, ஆறேழு பேரைத் தொட்டு, தகரத்தில் முட்டாமல் எதிரணியின் கோல் வரைக்கும் போனது. மதினி அடித்தாள், அந்தக் கோல்கீப்பர் பிடித்துவிட்டாள். அவ்வளவுதான். மீன் கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டுக் கேலரி ஓரத்தில் நின்ற எங்கள் அம்மாக்கள் போட்ட கூச்சலை நான் அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் கேட்டதில்லை.

ஊர் சும்மா விடுமா? ஐஸ் கம்பெனி வாசலிலும் டீக்கடையிலும் மதினி தலையைக் கண்டாலே எவனாவது, “என்ன கேப்டன், அஞ்சு கோலாமே?” என்பான். மதினி நின்று, அவன் கண்ணைப் பார்த்துச் சொல்வாள்: “ஆமா. அஞ்சு கோலு. மெயின் கிரவுண்டுல.” அந்தக் கடைசி இரண்டு சொல்லை அவள் சொல்கிற விதத்தில் கேட்டவனுக்குத்தான் தோற்றதுபோல் இருக்கும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அழைக்காமலேயே போனாள். ஆட்டம் நன்றாக இல்லை, எனவே பேச்சு முடிந்தது என்று பெரியப்பா தொடங்கினார். ஏன் நன்றாக இல்லை என்று மதினி கேட்டாள். மணலில் ஆட விட்டுவிட்டுப் புல்லில் ஆடத் தெரியவில்லை என்றால் குற்றம் யாருடையது என்று கேட்டாள். ஐந்து கோலும் பயிற்சிக்கு மைதானம் தர வேண்டும் என்பதற்கான ஐந்து காரணங்கள் என்றாள். வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தது. பிறகு அந்த இரண்டை நாலாக்க அவள் எத்தனை கூட்டங்களுக்கு அழையாத விருந்தாளியாகப் போனாள் என்பது தனிக் கதை.

இப்போது நான் ராமநாதபுரத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். முழங்கால் எனக்குப் போய்விட்டது. சென்ற மாதம் பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். மெயின் கிரவுண்டு, கேலரி முழுக்கக் கூட்டம், மதினி எங்கள் ஊர்ப் பெண்களின் பயிற்சியாளர். ஆறு கோல் வாங்கினோம். படுதோல்வி. கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா முழு ஆட்டமும் எங்கள் தடுப்பாட்டக்காரிகளைத் திட்டித் தீர்த்தார். “நடுவுல நிக்கிற புள்ளைய மாத்தித் தொலைங்களேன்” என்று அவர் தொண்டை கட்டும் வரை கத்தினார். நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதற்கு இதெல்லாம் என்று ஒரு சொல் வரவில்லை. ஆட்டம் மோசம் என்றுதான் திட்டினார், அநியாயத்துக்கு விளக்கமாக.

ஆட்டம் முடிந்து எங்கள் கோல்கீப்பர் அழுதுகொண்டே வந்து மதினிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பதினேழு வயது இருக்கும். கையுறையாலேயே மூக்கைத் துடைத்தாள். மதினி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டாள். “ஏ புள்ள, ஆறு கோல் வாங்கிட்டியே. இனி நமக்கு இந்தக் கிரவுண்டக் குடுப்பாகளா?”

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு மதினியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை.

“கோலுக்கும் கிரவுண்டுக்கும் என்னக்கா சம்பந்தம்?” என்றாள்.